ஓட்டையைச் சொல்லப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்

ராமேஸ்வரத்து லாட்ஜ் ஒன்றின் முன்பதிவுத் தளம் என்று வைத்துக்கொள்வோம். ரசீதின் லிங்க் 1482 என்று முடிகிறது. அதை 1483 ஆக்கினால் அடுத்த யாத்ரீகரின் ரசீது வருகிறது, கூடவே அவருடைய ஆதார் நகலும். தளத்தை எழுதிய கம்பெனிக்கு மெயில் போட்டு மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. இப்படிப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளை, அதாவது பக்குகளை, தேடப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் சறுக்குவது இந்த மூன்று வாரத்துக்குப் பிறகுதான்.

ஆதாரத்துக்காக ஆதாரை அள்ளுவது

'எவ்வளவு பெரிய ஓட்டை என்று காட்டுகிறேன் பார்' என்று பைத்தான் மொழியில் நாலு வரி நிரல் எழுதி, 1 முதல் 1482 வரை அத்தனை நகலையும் இறக்கிவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் நிற்காத கிறுக்குத்தனம் இது. நிரூபிக்க இரண்டு ரசீது போதும். உங்கள் பெயரில் ஒரு கணக்கு, நண்பரின் சம்மதத்தோடு அவர் பெயரில் இன்னொன்று. இரண்டிலும் ஓர் அறை பதிவு செய்து, அடையாளச் சான்று கேட்கும் இடத்தில் 'சோதனை' என்று எழுதிய தாளின் படத்தை ஏற்றுங்கள். ஒன்றில் லாகின் செய்து மற்றதன் எண்ணைப் போடுங்கள். திறந்துவிட்டால் நேரம், இரு எண்கள், சர்வர் தந்த பதில் மூன்றையும் குறித்துக்கொண்டு அத்தோடு நிறுத்துங்கள். அறைகளை ரத்து செய்ய மறக்காதீர்கள், லாட்ஜ்காரர் பாவம். அடுத்தவர் நகல் தெரியாமல் திறந்திருந்தால் சேமிக்காமல் மூடிவிட்டு, அதையும் மெயிலில் சொல்லிவிடுங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, அனுமதியின்றி நுழைவதையும் தரவை இறக்குவதையும் 43ஆம் பிரிவில் சேர்த்தே வைத்திருக்கிறது. நேர்மையற்ற நோக்கம் என்று காட்டிவிட்டால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். நல்லெண்ணத்தில் சோதித்தவருக்கென்று தனி விலக்கு அதில் கிடையாது. அதனால் மேலே சொன்ன முறைகூட முழுக் கவசம் அல்ல. ஆனால் 1482 நகலை இறக்கியவருக்குக் கவசமே இல்லை. அதுவரை ஊமையாக இருந்த கம்பெனி வக்கீல் வழியாகப் பேசத் தொடங்கும். ஓட்டையைப் பற்றி அந்த வக்கீல் கடிதத்தில் ஒரு வரி இருக்காது.

வரவேற்பு மேசைக்கு மெயில்

அறை விசாரிக்கும் முகவரியை லாட்ஜ் மேனேஜர்தான் பார்ப்பார். தளத்தின் அடியில் மென்பொருள் கம்பெனியின் பெயர் இருக்கும். ஓட்டையை யாரிடம் சொல்வது என்று குறித்து வைக்கும் செக்யூரிட்டி டாட் டிஎக்ஸ்டி (security.txt) கோப்பு அவர்கள் தளத்தில் இருக்கிறதா பாருங்கள். 2022இல் ஆர்எஃப்சி 9116 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்த வழக்கம் இது. இல்லாவிட்டால் போன் போட்டு, யாருக்கு அனுப்புவது என்று மட்டும் கேளுங்கள்.

கெடு

ஓட்டையை வெளியிடும் முன் திருத்துவதற்குத் தரும் அவகாசம்தான் கெடு. ஓட்டை தேடும் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள் தருகிறது, அமெரிக்காவின் செர்ட் சிசி என்ற இணையப் பாதுகாப்பு மையம் 45 நாள். எதுவானாலும் சரியான ஆளுக்குப் போன நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டாம் நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் நம் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் (CERT-In) தெரிவியுங்கள். கெடு முடியும் நாள் ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி விழ வேண்டாம். அக்னி தீர்த்தத்துக்கு வரும் கூட்டத்தின் நகல்கள் ஏறும் நேரம் அது.

மெயிலில் பணப் பேச்சு

கூடாது. கெடுவோடு சேர்ந்தால் மிரட்டிப் பணம் பறிப்பதாகத்தான் படிப்பார்கள்.

லிங்கோடு வெளியிடுவது

கெடு தாண்டியும் திருத்தவில்லையா, வெளியிடலாம். கம்பெனி பெயர், ஓட்டையின் வகை, மெயில் அனுப்பிய தேதிகள், நகலை ஏற்றாமல் கவுன்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று லாட்ஜ்காரருக்கு ஒரு மாற்றுவழி. இவ்வளவு போதும். எந்த எண்ணை மாற்றினால் திறக்கும் என்பது மட்டும் வேண்டாம். பழைய நகல்களெல்லாம் இன்னும் அந்தச் சர்வரில்தான் கிடக்கின்றன.