ஊமலைக் கையில் கொடுங்கள், வசனம் பிறகு

ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம் நான் ஒரு கழுகுக் கதை சொன்னேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். 40 வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் அடித்து உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஐந்து மாதம் காத்திருந்து புது அலகோடு பறக்குமாம். கழுகுபோல் எழும்புவார்கள் என்ற ஏசாயா 40:31ஐயும் சேர்த்து உருக்கமாகத்தான் சொன்னேன். பின்வாங்கில் இருந்த பெடியன் கையை உயர்த்தினான்.

"ரீச்சர், அலகு இல்லாட்டி அந்த அஞ்சு மாசமும் அது என்னத்தைச் சாப்பிட்டது?"

என்னிடம் பதில் இல்லை. கதையே பொய் என்றால் பதில் எங்கிருந்து வரும்? கழுகு தன் இறகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து மாற்றிக்கொள்ளும். அலகு தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். அதை உடைத்துக்கொண்டால் பட்டினிதான். ஏசாயாவும் அலகைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அந்தக் கதை இன்றைக்கும் வருகிறது, நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

அன்றிலிருந்து, நானோ பிள்ளைகளோ கையால் தொட்டுப் பார்க்க முடியாத எதையும் பாடமாக எடுப்பதில்லை. சிங்கம் வேண்டாம், கேதுரு வேண்டாம். வளவுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பனை இல்லாத ஊர் எது? நான் திரும்பத் திரும்ப எடுப்பது பனம்பாத்தியைத்தான், அதையே விரிவாகச் சொல்கிறேன்.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். விதைகளைச் சேர்த்து, மண்ணை உயர்த்திப் பாத்தி போட்டு அடுக்கி மூடுங்கள். வளவில் இடமில்லையென்றால் பாத்தி போடும் வீடு ஒன்றைப் பார்த்து வையுங்கள். பிறகு மழை பெய்யும், வாரக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. அவசரப்பட்டு அப்போதே "பொறுமை" என்று பாடம் எடுத்துவிடாதீர்கள். கீழே வேலை நடக்கிறது. விதையிலிருந்து முளை நேரே கீழே இறங்கி, அதன் நுனியில்தான் கிழங்கு வைக்கும்.

கார்த்திகையில் ஒரு விதையை எடுத்துக் கத்தியால் பிளந்து காட்டுங்கள். உள்ளே பூரான் என்று நாங்கள் சொல்லும் சதை இருக்கும், வெள்ளையாய், பஞ்சுபோல், மெல்லிய இனிப்போடு. பிள்ளைகள் அதைத் தின்னத்தான் பார்ப்பார்கள், தின்னட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: விதைக்குள் இருக்கும் சாப்பாட்டையெல்லாம் உறிஞ்சிக் கீழே கிழங்குக்கு அனுப்புவது இந்தப் பூரான்தான்.

தையில் பாத்தியைக் கிண்டுங்கள். மாசி கடந்தால் கிழங்கு தும்பேறிவிடும். இப்போது ஒரு கையில் கிழங்கு, மறுகையில் ஊமல், அதாவது கிழங்கு விட்டபின் மிஞ்சும் விதைக்கூடு. ஊமலைத் தூக்கிப் பாருங்கள், பாரமே இருக்காது. ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டையும் கொடுத்துவிட்டு, "இந்தக் கிழங்கு எங்கேயிருந்து வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். மண்ணிலிருந்து என்பார்கள், மழையிலிருந்து என்பார்கள். வாயை மூடிக்கொண்டிருங்கள், எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். போன தையில் ஒரு சிறுமி ஊமலைக் காதோரம் வைத்துக் குலுக்கி, மணந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுக்குள்ள இருந்ததெல்லாம் அதுக்குள்ள போயிட்டுது."

அதன் பிறகுதான் வேதாகமத்தைத் திறந்தேன். யோவான் 12:24, நிலத்தில் விழுந்து செத்தால் மிகுந்த பலன் தரும் கோதுமைமணி. கோதுமை விதைப்பதை எங்கள் பிள்ளைகள் கண்டதில்லை. ஆனால் கையில் ஊமலை வைத்திருந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய வகுப்பில் யாராவது, "விதை சாகேல்லையே, உயிரோடதானே இருந்தது?" என்று கேட்கலாம். மழுப்பாதீர்கள். சரிதான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். மேலே நின்று பார்க்கும் கமக்காரனின் கண்ணுக்கு அது செத்துப் புதைந்தது மாதிரித்தான், இயேசு அவனுடைய பேச்சில் பேசுகிறார்.

அடுத்தது, தொழில் தெரிந்தவரிடம் கேளுங்கள். "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்ற சங்கீதம் 92ஐ நான் எடுத்த நாள், முதிர்வயதிலும் கனி தருவார்கள் என்று வாசித்தவுடன் ஒரு பிள்ளை, "ஆண்பனை காய்க்காதே, ரீச்சர்?" என்றது. எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் தாமார், அதாவது பேரீச்சை. எங்களுக்குப் பனை தந்தவர்கள் மொழிபெயர்த்தவர்கள். பேரீச்சையிலும் ஆண், பெண் உண்டு என்பதால் அதைச் சொல்லித் தப்பவும் வழியில்லை. எங்கள் ஒழுங்கையில் கள் இறக்கும் அண்ணையிடம் போய்க் கேட்டேன். "ஆண்பனையும் பாளை சீவினா ஊறும் ரீச்சர். காய்க்காதது வெறுமரம் எண்டு ஆர் சொன்னது?" என்றார். கள் பற்றிச் சபையில் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் கருப்பநீர், பனங்கட்டி என்று பேச்சைத் திருப்பிவிட்டேன், ஆனால் அவர் சொன்னதை அப்படியே பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மற்றவை சுருக்கமாக. கிணற்றுப் பாடத்துக்கு வைகாசி நல்லது. எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. மோட்டாரை நிறுத்தாமல் இறைத்தால் உவர் ஏறும். இளைப்பாறுதல் பற்றிப் பேச மாற்கு 6:31 போதும். திராட்சைப் பந்தல் உள்ளவர்கள் கொடி வெட்டும் நாளில் யோவான் 15 எடுங்கள், இலை அடர்ந்து நிற்கும் நாளில் வேண்டாம். எறும்புப் பாடத்தை எல்லோரும் எடுக்கிறார்கள், நான் விட்டுவிட்டேன்.

கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு அவியுங்கள். பிள்ளைக்கு இரண்டு கணக்கு, ஒன்று சாப்பிட, ஒன்று நாராகக் கிழித்துப் பார்க்க. மேலதிகமாக ஐந்தாறு இருக்கட்டும், ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவும் வந்து கேட்பார்.