காரணமே இல்லாமல் பயமா? 40ஐத் தாண்டிய பெண்கள் முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கம் கலைகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கழுத்தெல்லாம் வியர்வை. எதற்குப் பயம் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் போனால் மனசு எங்கிருந்தாவது ஒரு காரணத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடும்: பிள்ளையின் பரீட்சை, மேலதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டது, பத்து வருஷத்துக்கு முன்னால் யாரிடமோ சொன்ன ஒரு சொல். எனக்கு 45 வயதில் இது ஆரம்பித்தபோது அந்தக் காரணங்களோடுதான் ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். உடம்பு முதலில் பதறுகிறது, மனசு அப்புறம் வந்து அதற்கு ஒரு கதை கட்டுகிறது என்று புரிய அவ்வளவு நாள் ஆனது.

உடம்பு ஏன் பதறுகிறது? மாதவிடாய் முழுசாக நிற்பதற்கு முன்னால் சில வருஷங்கள் இழுபறியாகவே போகும், அதைத்தான் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. இந்த இழுபறிக் காலத்தில் சில மாதங்கள் கருமுட்டை வெளியேறாது, வெளியேறாத மாதத்தில் புரொஜெஸ்ட்டிரோன் சரியாகச் சுரக்காது, அந்த ஹார்மோனிலிருந்து உருவாகும் ஒரு பொருள்தான் மூளையை அமைதிப்படுத்தும் வேலையில் பங்கெடுக்கிறது என்பதால் அது குறைந்தால் சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாவது ஒழுங்காகக் குறையுமா என்றால் அதுவும் இல்லை, சில நாள் உச்சத்தில் இருக்கும், சில நாள் பாதாளத்தில். குறைவதைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் பலரைப் படுத்துகிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் எரிச்சலும் அழுகையும் அதிகம் வந்தவர்கள், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்டவர்கள் கூடுதலாகக் கவனமாக இருக்கவேண்டும்.

சரி, என்ன செய்வது? இரண்டு மாதம் தினமும் நான்கு வரி எழுதுங்கள். போனில் எழுதினாலும் போதும். மாதவிடாய் வந்ததா, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், காபியும் மதுவும் எப்போது எவ்வளவு, படபடப்பு வந்தபோது உடம்புச் சூடு முன்னால் வந்ததா பயம் முன்னால் வந்ததா. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஈஸ்ட்ரோஜன் தடுமாறும்போது மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் உஷாராகிவிடும், உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, வியர்க்கவைத்து, இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும். இதுதான் ஹாட் ஃப்ளாஷ், பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் பார்ப்பதற்கு அப்படியே பீதித் தாக்குதல் மாதிரியே இருக்கும், அதனால் நாமும் நிஜமாகவே பயந்துபோவோம். சூடு முன்னால் வந்தது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

வரும்போது என்ன செய்யலாம்? உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும், நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவாக. மூன்று மணிக்கு வந்த எந்தக் கவலைக்கும் அப்போதே தீர்வு தேடாதீர்கள், ஒரு வார்த்தையில் எழுதிவைத்துவிட்டு விடிந்ததும் பாருங்கள். எனக்கு விடிந்தபின் அதில் பாதிக்கு அர்த்தமே புரிந்ததில்லை. மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். தூக்கம் வரட்டும் என்று மது குடிப்பவர்கள் உண்டு, அது தூங்கவைத்து நடுராத்திரியில் எழுப்பியும் விடும், வியர்வையையும் கூட்டும். படுக்கும் அறை குளிர்ச்சியாக இருக்கட்டும். உடற்பயிற்சி பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நானும் சொல்கிறேன், செய்யுங்கள்.

அப்புறம் பரிசோதனை. எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டக்கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே வியர்வை, இதே தூக்கமின்மைதான். இந்த வயதில் ரத்தப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆகவே தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12 இவற்றைப் பார்த்துவிடுங்கள். 45 வயதுக்கு மேல் பெரிமெனோபாஸைக் கண்டுபிடிக்க எஃப்எஸ்ஹெச் என்கிற ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை, அந்த அளவு நாளுக்கு நாள் மாறும் என்பதால் அறிகுறிகளை வைத்தே சொல்லிவிடுவார்கள். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நிற்கிறது என்றால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவரிடம் மூன்று வழிகளைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று ஹார்மோன் சிகிச்சை. 2002இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இதில் ஆபத்து உண்டு என்று சொன்ன பிறகு இதன் பெயரைக் கேட்டாலே பலர் ஓடினார்கள், ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது மெனோபாஸ் வந்து பத்து வருஷத்துக்குள் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு நன்மைதான் அதிகம் என்பது இன்றைய நிலை. மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல், பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள். கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக்கூடாது, கூடவே புரொஜெஸ்ட்டிரோன் போல வேலை செய்யும் புரொஜெஸ்ட்டோஜன் வேண்டும், இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவருக்குப் புற்றுநோய் ஆபத்து. இரண்டாவது, சிபிடி என்கிற மனச்சிகிச்சை, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றுவது. மூன்றாவது, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், பதற்றத்தோடு ஹாட் ஃப்ளாஷையும் சிலருக்குக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த வகையில் பராக்ஸெட்டின் போன்ற சில மாத்திரைகள் அதன் வேலையைக் கெடுக்கும். மூலிகை மாத்திரை எடுத்தாலும் மறைக்காதீர்கள், ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதெல்லாம் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போவதில்லை.

சிலவற்றுக்கு நோட்டும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். நெஞ்சு வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் அவசர சிகிச்சைக்குப் போங்கள், ஹார்மோன்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் காட்டியாகவேண்டும். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரையும் பாருங்கள்.

நான் முதலில் பார்த்த மருத்துவர் ‘வயசானா அப்படித்தான்’ என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். இரண்டாவது மருத்துவரிடம் வாய் திறக்காமல் நோட்டை மட்டும் நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டி, சூடு என்று எழுதிய இடங்களையெல்லாம் பேனாவால் வட்டமிட ஆரம்பித்தார்.