தூண்டில் போடத் தொடங்குகிறீர்களா? முதலில் முடிச்சு, அப்புறம் மீன்

தூண்டில் போடும் ஆசை வந்தவுடன் எல்லோரும் செய்கிற முதல் காரியம், ஒரு பெட்டி நிறைய சாமான் வாங்கிக் குவிப்பது. நானும் அதைத்தான் செய்தேன். பளபளக்கிற பிளாஸ்டிக் மீன்கள், கலர் கலராகத் தகடுகள், எதற்கென்றே தெரியாத கம்பிகள். முதல் நாள் அத்தனையையும் கரையில் பரப்பி வைத்துவிட்டு, ரீல் என்கிற சுற்றுக்கருவியில் நரம்பு (தூண்டில் இழை) கட்டியதிலேயே தப்பு செய்திருந்ததால் ஒரு தடவைகூட வீசாமல் வீடு திரும்பினேன். அந்தத் தப்பைக் கீழே சொல்கிறேன். இந்தப் பதிவில் குளம், ஏரி, மெதுவாக ஓடும் ஆறு போன்ற நீரில் தக்கை கட்டி மீன் பிடிப்பதை மட்டும் பார்ப்போம். போவதற்கு முன், அந்த நீர்நிலையில் மீன் பிடிக்க அனுமதி வேண்டுமா, தடைக்காலம் உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

6 முதல் 7 அடி நீளமுள்ள ஸ்பின்னிங் ராடு (தூண்டில் கம்பு) ஒன்று, விறைப்பில் மீடியம் அல்லது மீடியம் லைட் வகை. அதற்கு 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். நரம்பு சாதாரண நைலான் மோனோ (ஒற்றை இழை), 8 பவுண்டு (சுமார் 3.6 கிலோ) தாங்குவது போதும். பின்னல் நரம்புதான் பலமானது என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அது கொஞ்சம்கூட நீளாது, நாம் பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்தால் மீனின் வாய் கிழிந்து முள் கழன்றுவிடும். மோனோ கொஞ்சம் நீண்டு கொடுத்து நம் அவசரத்தை மன்னிக்கும்.

முள் வாங்கும்போதுதான் குழப்பம். எண் ஏற ஏற முள் சிறியதாகும்: 12ஐ விட 8 பெரியது, 8ஐ விட 4 பெரியது. 1க்கு அப்புறம் கணக்கு திரும்பிக்கொள்ளும், 1/0, 2/0 என்று ஏறினால் முள்ளும் பெரிதாகும். தொடங்குகிறவர் 8 அல்லது 10 வாங்கினால் சரி. பெரிய முள்ளில் சின்ன மீன் இரையை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும், சின்ன முள்ளிலோ பெரிய மீனும் மாட்டும்.

இவற்றோடு ஒரு தக்கை, பிளந்த ஈயக்குண்டுகள் கொஞ்சம், சின்னக் கத்தரி, மூக்கு நீண்ட குறடு, இரைக்கு மண்புழு. அவ்வளவுதான், பெட்டியை மூடிவிடுங்கள்.

ரீலில் நரம்பு ஏற்றுவது

ரீலின் முன்னால் மடங்கித் திறக்கிற அரைவட்டக் கம்பி இருக்கிறதே, அதன் பெயர் பெயில். நரம்பைக் கம்பில் உள்ள வளையங்கள் வழியாக நுனியிலிருந்து கொண்டுவந்து, பெயிலைத் திறந்த பிறகுதான் சுருளில் (ரீலில் நரம்பு சுற்றிக்கொள்கிற பகுதி) கட்ட வேண்டும். நான் மூடி வைத்தபடியே கட்டினேன். கைப்பிடியைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், ரீல் பாட்டுக்குச் சுழல்கிறது, நரம்பு ஒரு அங்குலம்கூட ஏறவில்லை.

ஏற்றும்போது நரம்பை விரல்களால் லேசாகப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற விடுங்கள். இருபது சுற்று போனதும் நிறுத்தி நரம்பைத் தளர்த்திப் பாருங்கள், சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டால் நரம்பு வந்த உருளையைத் திருப்பிப் போடுங்கள். சுருளின் விளிம்புக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழேயே நிறுத்திவிட வேண்டும், வழிய வழிய ஏற்றினால் முதல் வீச்சிலேயே கொத்தாகக் கொட்டிவிடும்.

அடுத்து டிராக். மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் தானாக விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு அது. நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு இழுப்புக்கு அது வழுக்க வேண்டும். தராசு தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டி, ரீலிலிருந்து நேராகத் தொங்கவிடுங்கள். பாட்டில் மெதுவாகக் கீழே இறங்கினால் 8 பவுண்டு நரம்புக்குச் சரியான அளவு. அசையாமல் தொங்கினால் டிராக்கின் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

முடிச்சு

நரம்பு அறுந்து தப்பிப் போகிற மீன்களில் பெரும்பாலானவை முடிச்சில்தான் போகின்றன. எனவே வீட்டிலேயே உட்கார்ந்து இருபது தடவை கட்டிப் பழகுங்கள். பலோமர் முடிச்சு எளிது, பலமும் அதிகம்.

நரம்பின் நுனியை ஒரு சாண் அளவுக்கு இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை முள்ளின் கண் வழியாக நுழையுங்கள். இரட்டை நரம்பாகவே சாதாரண முடிச்சு ஒன்று போடுங்கள், இறுக்க வேண்டாம், முள் நடுவில் தொங்கட்டும். இப்போது மடிப்பு வளையத்தை விரித்து அதற்குள் முள்ளை முழுசாக நுழைத்து எடுங்கள். எச்சில் தொட்டு நனைத்துவிட்டு, இரண்டு நரம்பையும் சேர்த்து மெதுவாக இழுங்கள். நனைக்காமல் இழுத்தால் உரசலில் சூடாகி நைலான் அந்த இடத்திலேயே பலம் இழக்கும். மிச்சத்தை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயக்குண்டு, அதற்கு மேலே தக்கை. முள்ளுக்கும் தக்கைக்கும் முதலில் ஒரு மீட்டர் இடைவெளி போதும். தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும்வரை குண்டுகளைக் கூட்டுங்கள். அது பாதி உடம்போடு மிதந்தால் மீனுக்குக் கனம் தெரியும், இரையைத் துப்பிவிடும்.

வீசுவது

முதலில் பின்னால் பாருங்கள், ஆள் நிற்கிறாரா, மேலே மின்கம்பி போகிறதா என்று. கார்பன் கம்பில் மின்சாரம் பாயும், இதில் விளையாட்டே வேண்டாம்.

தக்கை கம்பு நுனியிலிருந்து ஒன்றரை அடி தொங்கட்டும். ஆள்காட்டி விரலால் நரம்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு பெயிலைத் திறங்கள். கம்பைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசி, கம்பு கண் உயரத்துக்குச் சற்று மேலே வரும்போது விரலை விடுங்கள். முன்கூட்டி விட்டால் வானத்துக்குப் போகும், தாமதித்தால் காலடியில் சொத்தென்று விழும். பெயிலைக் கையாலேயே மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த நரம்பு சுருளில் சிக்கும்.

எங்கே வீசுவது? நடுக்குளத்துக்கு எறியத்தான் எல்லோருக்கும் ஆசை. மீனோ பல நேரம் கரையோரக் கோரைப் பக்கத்திலும், மர நிழலிலும், தண்ணீர் வந்து விழும் வாய்க்கால் முகத்திலும்தான் இருக்கும். காலையும் சாயங்காலமும் நல்ல நேரம்.

தக்கை என்ன சொல்கிறது

தக்கை படுத்துக்கொண்டே கிடந்தால் ஈயம் தரை தட்டிவிட்டது என்று பொருள், இடைவெளியைக் குறையுங்கள். நிமிர்ந்து நின்றது திடீரென்று படுத்தால், மீன் இரையைக் கவ்விக்கொண்டு மேலே வருகிறது. டுக், டுக் என்று நடுங்கினால் சின்ன மீன்கள் மண்புழுவைக் கொத்திப் பார்க்கின்றன, பொறுங்கள். ஒரே பக்கமாக நகர்ந்தாலோ முழுசாக அமிழ்ந்தாலோ, மணிக்கட்டால் கம்பைச் சுருக்கென்று உயர்த்துங்கள். கைமுழுக்க வீசி இழுக்கத் தேவையில்லை, முள் கூராக இருந்தால் இதுவே போதும்.

மாட்டியதும் கம்பு வளைந்தே இருக்கட்டும். மீன் ஓடினால் ஓடவிடுங்கள், டிராக் கிர்ரென்று விட்டுக்கொடுக்கும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது, நரம்பு முறுக்கேறிவிடும். அது ஓய்ந்ததும் கம்பை உயர்த்தி மீனை இழுங்கள், கம்பைத் தாழ்த்திக்கொண்டே நரம்பைச் சுற்றுங்கள்.

திரும்ப விடப்போகிற மீனை ஈரக் கையால் தொடுங்கள், காய்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். முள்ளைக் குறடால் பிடித்து, ஏறிய வழியிலேயே பின்னோக்கி எடுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயோரம் வெட்டி விட்டுவிடுவது மேல்.

கிளம்பும்போது வெட்டிப்போட்ட நரம்புத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போடுங்கள், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். முள் பக்கத்து நரம்பை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டுப்பட்டால் அந்தப் பக்கத்தில் இரண்டு முழத்தை வெட்டி அதையும் பையில் போட்டுவிட்டு, அடுத்த தடவை புதிதாக முடிச்சுப் போடுங்கள்.