அடுக்கிய செயற்கைக்கோள்களைக் கட்டுவதும் அவிழ்ப்பதும்: முதல் வடிவமைப்பு, படிப்படியாக

2019 மே மாதம் ஸ்டார்லிங்க்கின் 60 செயற்கைக்கோள்கள் ஒரே ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஏறிப் போயின. ஒவ்வொன்றும் 227 கிலோ. ஒவ்வொன்றுக்கும் தனி இருக்கை கிடையாது. தட்டுத் தட்டாக அடுக்கி, நீளக் கம்பிகளால் இழுத்துப் பிடித்திருந்தார்கள். மேலே போனதும் கம்பிகளை விடுவிக்க, அடுக்கு மெல்லக் கலைந்து பரவியது.

அதே முறையில் ஒரு சின்ன அடுக்கை நாமே காகிதத்தில் வடிவமைத்துப் பார்ப்போம். 10 செயற்கைக்கோள்கள், தலா 100 கிலோ. அடுக்கின் உயரம் 2 மீட்டர். நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கம்பி, அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே 1 மீட்டர்.

முதலில் பத்து நோட்டுப் புத்தகங்களை எடுத்து அடுக்கி, ஒரு ரப்பர் பேண்டைத் தளர்வாகப் போட்டு ஆட்டிப் பாருங்கள். நடுவில் இருப்பவை நழுவும். இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள், அடுக்கு ஒரே கட்டை போல ஆகிவிடும். இப்போது, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ரப்பரைக் கத்தரியுங்கள். அது துள்ளிப் பறக்கும், மேல் நோட்டும் சற்று நகரும். நன்றாகப் பிடிக்க எவ்வளவு இறுக்குகிறோமோ, விடும்போது அவ்வளவும் வெளியே வரும். கட்டுவதையும் அவிழ்ப்பதையும் ஒரே கணக்காகப் போட வேண்டியது இதனால்தான்.

படி 1: சுமை போகும் வழி

செயற்கைக்கோளின் உடல் சுமை தாங்கக் கூடாது. நான்கு மூலைகளிலும் குட்டித் தூண்கள் வையுங்கள். தூண் மேல் தூண் உட்கார்ந்து, சுமை நேராக ராக்கெட்டுக்கு இறங்கட்டும். பத்தும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், எல்லாத் தூணும் அடித்தட்டில் விழும் சுமையைத் தாங்கியாக வேண்டும். தூணின் உச்சியில் கூம்பு, அடியில் அதற்கேற்ற குழி. பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது இந்தக் கூம்புதான். உராய்வை நம்ப வேண்டாம். கூம்பு ஆழமில்லாமல் அகன்று இருக்கட்டும், காரணம் கடைசிப் படியில்.

படி 2: எவ்வளவு இறுக்குவது

ராக்கெட்டின் உந்துதல்தான் அடுக்கைப் பிரிக்கும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். உந்துதல் அடுக்கை அழுத்தத்தான் செய்கிறது. ஆபத்து வேறு இரண்டு இடங்களில்: பக்கவாட்டு ஆட்டம், இன்ஜின் நிற்கும் கணம். அழுந்தியிருந்த அடுக்கு அப்போது ஸ்பிரிங் போல எழும்பும்.

பக்கவாட்டில் 2 ஜி, அதாவது அடுக்கின் சொந்த எடையைப் போல் இரண்டு மடங்கு விசை, என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ அடுக்கின் மீது சுமார் 20,000 நியூட்டன். எடைமையம் 1 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு பக்கத்து இரண்டு தூண்களிலும் தலா 10,000 நியூட்டன் அழுத்தம் குறையும். எழும்பல் 1 ஜி என்றால் தூணுக்கு இன்னும் 2,500 குறையும். ஆக 12,500. கால்பங்கு கூடுதல் சேர்த்து, கம்பிக்கு 16,000 நியூட்டன் வைப்போம். கிட்டத்தட்ட 1.6 டன் இழுவை. தூண்களுக்கு நடுவே ஒரு கணம்கூட இடைவெளி திறக்கக் கூடாது, அதற்குத்தான் இத்தனையும். திறந்து மூடினால் அது சம்மட்டி அடி.

படி 3: இறுக்கம் குறையாமல் காப்பது

என்னைக் கேட்டால் மிகக் கவனம் தேவைப்படும் படி இதுதான். 10 மி.மீ. விட்டமுள்ள 2 மீட்டர் எஃகுக் கம்பி, 16,000 நியூட்டனில் வெறும் 2 மி.மீ. தான் நீளும். பத்து இணைப்புகளிலும் பெயின்ட், தூசி, மேடுபள்ளம் அமுங்கி தலா 0.02 மி.மீ. போனால் மொத்தம் 0.2 மி.மீ. இறுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு காலி! அதனால் ஒருமுறை இறுக்கிவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி அளந்து இறுக்குங்கள். டார்க் ரென்ச் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனர்) காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், முறுக்கின் பெரும்பகுதியை மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வே தின்றுவிடும். கம்பியில் ஸ்ட்ரெயின் கேஜ் என்னும் நீட்சி உணரியை ஒட்டி நீட்சியை நேரடியாக அளப்பதுதான் சரி.

படி 4: அவிழ்ப்பது

அந்த 2 மி.மீ. நீட்சிக்குள் கம்பிக்கு 16 ஜூல் ஆற்றல் அடைந்திருக்கிறது. 1.6 கிலோ எடை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. அதனால் கம்பி திரும்பி வந்து செயற்கைக்கோளில் மோதாதபடி, அடிமுனையில் கீல் வைத்து வெளிப்பக்கமாகச் சாயவிடுங்கள். கம்பி ராக்கெட்டோடு தங்கிவிட்டால் தனி விண்குப்பையாகவும் ஆகாது.

நான்கு மூலைகளும் ஒரே கணத்தில் விட வேண்டும், ஒன்று தாமதித்தால் அடுக்கு சாயும். சூடேற்றினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நினைவு உலோகத்தைக் கொண்டு போல்ட்டை முறிக்கும் கருவிகள் அதிர்ச்சி குறைவானவை, ஆனால் முறிய எடுக்கும் நேரம் ஒன்றுக்கொன்று மாறும். நான்கும் சேர்ந்து விட வேண்டிய இங்கே வெடிமருந்தால் திறக்கும் நட்டையே தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொன்றிலும் இரண்டு தூண்டிகள், தனித்தனி மின்சுற்றில்.

படி 5: விலகுவது

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 2022 அக்டோபரில் இந்தியாவின் எல்விஎம்3 ராக்கெட், ஒன்வெப் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களை நான்கு நான்காக விட்டது. ஒவ்வொரு முறையும் ராக்கெட் கொஞ்சம் நகர்ந்துகொண்டது. ஸ்டார்லிங்க் வழியோ வேறு: அடுக்கைக் குட்டிக்கரணம் போடுவது போலச் சுழலவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக விடுவது. சுழலும் மையத்திலிருந்து தள்ளி இருப்பது வேகமாகப் போகும், அருகில் இருப்பது மெதுவாகப் போகும். நம் அடுக்கில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் 0.2 மீட்டர். விநாடிக்கு 1 டிகிரி சுழற்சி என்றால் வேக வித்தியாசம் விநாடிக்கு 3.5 மி.மீ., நிமிடத்துக்கு 21 செ.மீ. தட்டுகள் பக்கவாட்டில் நழுவித்தான் பிரியும். கூம்பு ஆழமாக இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் அகன்ற கூம்பு, கூடவே ஒவ்வொரு இணைப்பிலும் தூக்கிவிட ஒரு சிறு ஸ்பிரிங்.

அப்புறம், எந்தத் திசையில் பிரிகிறது என்பதையும் பாருங்கள். சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தாகப் பிரிந்தால் அரைச் சுற்றில் மறுபடி ஒன்றையொன்று நெருங்கும். பயணத் திசையில் பிரிந்தால் சுற்றும் நேரமே மாறிவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஆகவே வேக வித்தியாசம் பயணத் திசையில் விழும் கணமாகப் பார்த்து நட்டுகளைத் திறக்க வேண்டும்.