வெளிநாட்டிலிருந்து வங்கிக்கு வந்த பணமும் வழிமறித்த இனிஷியலும்: அனுப்பவும் பெறவும் ஒரு செய்முறை விளக்கம்

ஜெர்மனியில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் வேலை செய்து கொடுத்ததற்காக எனக்கு வரவேண்டிய 640 யூரோ, பதினொரு நாள் எங்கோ நின்றுவிட்டு, கட்டணம் கழிக்கப்பட்டு அனுப்பியவருக்கே திரும்பிப் போனது. கணக்கு எண் சரி, பன்னாட்டுப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடும் சரி. என் பெயர்தான் தவறு. அந்தப் படியை மட்டும் கீழே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன். நெட் பேங்கிங்கில் நுழைவது, பெறுநரைச் சேர்ப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உள்நாட்டில் அனுப்புவது

வங்கிகளுக்கிடையே பணம் அனுப்ப ஐஎம்பிஎஸ், ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என மூன்று முறைகள் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை உடனே போய்ச் சேர வேண்டுமென்றால் ஐஎம்பிஎஸ் போதும். ஆனால் உங்கள் வங்கி இதைவிடக் குறைந்த வரம்பை வைத்திருக்கலாம். 2 லட்சத்துக்குக் குறையாத தொகைக்கு ஆர்டிஜிஎஸ் உண்டு. நெஃப்டில் குறைந்தபட்சத் தொகை கிடையாது. அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் பணம் நகரும். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகல், விடுமுறை பாராமல் இயங்குகின்றன.

உள்நாட்டில் வங்கிக் கிளையைக் குறிக்கும் குறியீடான ஐஎஃப்எஸ்சி, எழுத்தும் எண்ணுமாகப் பதினொரு இடங்கள் கொண்டது. அதன் ஐந்தாவது இடத்தில் இருப்பது எப்போதும் பூஜ்யம்தான், ஆங்கில ஓ எழுத்து அன்று. புதிய கணக்குக்குப் பெரிய தொகை அனுப்புவதற்கு முன் ஐஎம்பிஎஸ் வழியாக ஒரு ரூபாய் அனுப்பி, பெறுநரிடம் தொலைபேசியில் உறுதி செய்துகொள்வது என் வழக்கம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கப்படும் என்பதால், ஓர் இலக்கம் பிசகினால் யாரோ ஒருவருடைய கணக்கில் போய் விழும். இப்போது அனுப்புமுன்பே பெறுநரின் பெயரைத் திரையில் காட்டும் வசதி வந்துவிட்டது. அதைப் படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து பெறுவது

அனுப்புபவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியவை: கணக்கில் உள்ளபடி பெயர், கணக்கு எண், வங்கியின் பெயரும் முகவரியும், ஸ்விஃப்ட் குறியீடு. ஐபேன் எனப்படும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண் இந்தியாவில் கிடையாது. படிவம் அதைக் கேட்டால் கணக்கு எண்ணைத் தரலாமா என்று அனுப்புபவர் தம் வங்கியிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஸ்விஃப்ட் குறியீட்டுக்குப் பதிலாக ஐஎஃப்எஸ்சியைக் கொடுத்துவிடாதீர்கள். பல கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. அந்நியச் செலாவணியைக் கையாளும் வேறொரு கிளையின் குறியீட்டைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இணையத்தில் தேடி எடுப்பதைவிட, கிளைக்கு நேரில் சென்று, யூரோவுக்கு எது, டாலருக்கு எது, வழியில் பணத்தைக் கைமாற்றும் இடைநிலை வங்கி எது என்று தனித்தனியாக எழுதி வாங்குவதையே நான் விரும்புகிறேன்.

இனி நான் சறுக்கிய படி. என் பாஸ்புக்கில் பெயர் 'கே. முருகன்' என்பது போல இனிஷியலுடன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தை நிரப்ப அப்பாவின் பெயரைக் கொடுத்திருப்பதால், அங்கே நான் 'முருகன் கந்தசாமி'. விலைப்பட்டியலில் (இன்வாய்ஸில்) கடவுச்சீட்டுப்படி எழுதினேன். வாடிக்கையாளரின் வங்கிப் படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள் கேட்டது. 'கந்தசாமி' என்ற பெயரில் என் வங்கியில் கணக்கே இல்லை. நமக்கு இரண்டும் ஒரே ஆள்தான். ஆவணத்தைச் சரிபார்ப்பவருக்கு இருவேறு ஆட்கள்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. உடனடித் தீர்வு, பாஸ்புக்கில் அச்சாகியுள்ள பெயரைப் புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே ஒரே வரியில் விலைப்பட்டியலில் எழுதி, அதைப் பிரிக்கவோ வரிசை மாற்றவோ வேண்டாம் என்று அனுப்புபவருக்குச் சொல்லிவிடுவது. என் பணம் இரண்டாம் முறை வந்து சேர்ந்தது இப்படித்தான். நிலையான தீர்வு, பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் இனிஷியலை விரித்து ஒரே பெயராக மாற்றிக்கொள்வது. அலைச்சல் அதிகம்தான் என்றாலும் ஒரே முறையோடு முடிந்துவிடும் என்பதால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

பணம் வந்ததும், அது எதற்காக வந்தது என்பதைக் குறிக்கும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்கும். மென்பொருள் ஆலோசனைக்குப் பி0802. வெளிநாட்டில் வாழும் உறவினர் குடும்பச் செலவுக்கு அனுப்பினால் பி1301. மாற்று விகிதம் இணையத்தில் பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். வங்கி தன்னுடைய டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (டிடி) பையிங் விகிதத்தில், அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அது வாங்கும் விலையில்தான் கணக்கிடும். மாற்றப்படும் தொகை 1 லட்சம் வரை என்றால் அதில் 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய், ஜிஎஸ்டியாகவும் போகும். வரவுக்கான சான்றைக் கேட்டு வாங்கி, வருமானவரிக் கணக்குக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஏ2 படிவமும் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான விண்ணப்பம்) பான் எண்ணும் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல், ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கே டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி, பிடிக்கப்படுகிறது. அன்பளிப்பு, முதலீடு போன்றவற்றுக்கு அது 20 சதவீதம். வருமானவரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை கையில் பணம் முடங்கும். ஐரோப்பாவுக்கு ஐபேன், அமெரிக்காவுக்கு ஒன்பது இலக்க ரூட்டிங் எண், பிரிட்டனுக்கு ஆறு இலக்க சார்ட் கோடு ஆகியவற்றைப் பெறுநரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1: பழைய காசோலையில் இருந்த ஐஎஃப்எஸ்சியைக் கொடுத்ததால் பணம் வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். சிண்டிகேட் வங்கி 2020இல் கனரா வங்கியோடு இணைந்தபின், அதன் பழைய குறியீடுகள் 2021 ஜூலை முதல் செல்லாமல் போயின. இணைந்த வங்கி எதுவானாலும் புதிய பாஸ்புக்கைப் பார்த்தே எழுதுங்கள்.

பின்சேர்க்கை 2: வெளிநாட்டில் படிக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்தை முழுமையாக அனுப்பியும் 25 டாலர் பாக்கி என்று கடிதம் வந்ததாக இன்னொருவர் கேட்டிருந்தார். வங்கிக் கட்டணத்தை யார் ஏற்பது என்ற இடத்தில் அவர் 'எஸ்எச்ஏ' (இருவரும் பகிர்வது) என்பதைத் தேர்ந்தெடுத்ததால் வழியிலிருந்த வங்கி தன் கூலியை அதிலேயே எடுத்துக்கொண்டது. கல்லூரிக் கட்டணம் கட்டும்போது 'ஓயுஆர்' (முழுவதையும் அனுப்புபவரே ஏற்பது) என்பதையே தேர்ந்தெடுங்கள். பணம் அனுப்பியதைக் காட்டும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும் வங்கியில் கேட்டு வாங்கி, கல்லூரியின் கணக்குப் பிரிவுக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.