உணவுக்குழாய்ப் புற்றுநோய்: சிகிச்சை தொடங்கும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை

எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்கின் (பயாப்ஸி) முடிவு கைக்கு வந்த பிறகு, முதல் கீமோவோ கதிர்வீச்சோ தொடங்கச் சில வாரங்கள் ஆகிவிடும். "கண்டுபிடித்த பிறகும் சும்மா வைத்திருக்கிறார்களே" என்று வீடே தவிக்கும் நேரம் இது. ஸ்கேன் தேதியை முன்னே தள்ளுவது உங்கள் கையில் இல்லை. எடை குறையாமல் பார்த்துக்கொள்வது பெருமளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. எடை சரிந்தவருக்குக் கீமோ அளவைக் குறைக்க வேண்டிவரும், கதிர்வீச்சு நடுவில் தடைப்படும், அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆற நாளாகும். அதனால் இங்கே சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

எதற்கு இத்தனை பரிசோதனை?

சி.டி. ஸ்கேன் கட்டியின் நீளத்தையும், ஈரல், நுரையீரல், நெறிக்கட்டிகளையும் காட்டும். மற்ற இடங்களில் பரவியிருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன். கட்டி குழாய்ச் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் சொல்லும். கட்டி மேல் பகுதியிலோ நடுவிலோ இருந்தால் மூச்சுக்குழாயைத் தொட்டிருக்கிறதா என்று பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்வார்கள். இரைப்பையோடு சேரும் இடத்தில் இருந்தால் சிலருக்கு லேப்ராஸ்கோப்பியும் (வயிற்றில் சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பது) தேவைப்படும்.

இவை முடியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. நம் நாட்டில் அதிகம் காணப்படும் ஸ்குவாமஸ் வகைக்கு, அறுவைக்கு முன் வாரம் ஒரு முறை பேக்லிடாக்செல், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளை ஐந்து வாரமும், கூடவே 23 முறை கதிர்வீச்சும் தருவது பரவலான முறை. கழுத்துப் பகுதிக் கட்டிக்குப் பெரும்பாலும் அறுவையே இல்லாமல் கீமோவும் கதிர்வீச்சும்தான். கீழ்ப்பகுதியில் வரும் அடினோகார்சினோமா என்ற இன்னொரு வகைக்கு, ஃப்ளாட் என்ற கீமோ மருந்துக் கூட்டை அறுவைக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு சுற்று கொடுப்பதுண்டு. நோய் பரவியிருந்தால் திட்டமே வேறு. ஆகவே "எந்த வகை, எந்த இடம், எந்த நிலை" என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரின் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

பெட் ஸ்கேனுக்குச் சுமார் ஆறு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பல மையங்களில் வேறு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். எனவே சர்க்கரை நோயாளிகள் மாத்திரை, இன்சுலின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சாயம் ஏற்றும் சி.டி. ஸ்கேனுக்கு கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) முடிவைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஏற்கெனவே சரியாகச் சாப்பிட முடியாதவருக்கு இந்தப் பட்டினி நாட்கள் எடையைத் தின்றுவிடும். காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். இரண்டு பட்டினிப் பரிசோதனைகளை அடுத்தடுத்த நாளில் வைக்காதபடி சொல்லுங்கள். ஸ்கேன் முடிந்த உடனே குடிக்க ஃபிளாஸ்க்கில் கெட்டிக் கஞ்சி கையில் இருக்கட்டும்.

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப்போய்த் திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் எழுதிக் கொடுத்து, கண்ணாடி ஸ்லைடுகளையும் சதைத் துணுக்கு பதிந்த மெழுகுக் கட்டியையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கு ஃபிலிம் போதாது, படங்கள் பதிந்த குறுந்தகடு வேண்டும். இவை இல்லையென்றால் மறுபடி எண்டோஸ்கோப்பி, மறுபடி ஒரு வாரம்.

சாப்பாடு

முதலில் எந்தப் படியில் இருக்கிறார் என்று குறித்துவையுங்கள்: சாதம் இறங்குகிறதா, குழைந்தது மட்டுமா, கஞ்சி மட்டுமா, எச்சில்கூட இறங்கவில்லையா? ஒரு படி இறங்கினால் அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனையை அழையுங்கள்.

எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 25 முதல் 30 கலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் ஒரு நாளைக்குத் தேவை. 50 கிலோ உள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். நீர்த்த அரிசிக் கஞ்சி, ரசம், இளநீர், குளுக்கோஸ் தண்ணீர் என்று நாள் முழுக்கக் கொடுத்துவிட்டு "நன்றாகக் குடிக்கிறார்" என்பார்கள். அப்படிப்பட்ட கஞ்சியில் எட்டு டம்ளர் உள்ளே போனாலும் தேவையில் பாதிகூடத் தேறாது, புரதம் அதைவிடக் குறைவு. வயிறு மட்டும் நிரம்பிவிடும்.

குடிக்கும் ஒவ்வொரு டம்ளரும் கனமாக இருக்க வேண்டும். கொழுப்பு நீக்காத பால் 200 மி.லி., பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, பழுத்த சிறிய வாழைப்பழம் ஒன்று, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலைப் பொடி ஒரு மேசைக்கரண்டி. இதை மிக்ஸியில் நன்றாக அடித்து டீ வடிகட்டியில் வடித்தால் ஏறக்குறைய 400 கலோரியும் 13 கிராம் புரதமும் கிடைக்கும். இது நாளுக்கு இரண்டு முறை. கேழ்வரகு அல்லது சத்துமாவுக் கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சி, பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டியும் நெய் ஒரு தேக்கரண்டியும் சேருங்கள். நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு தேக்கரண்டிக்கு 45 கலோரி. அளவு கூடாமல் சத்தைக் கூட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மீதி வேளைகளில் கெட்டிப் பருப்பு, தயிரோடு அரைத்த குழைசாதம், சாம்பாரில் ஊறவைத்து அரைத்த இட்லி, முழுதாக வேகவைத்து மசித்த முட்டை. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வேகவைத்த மீனையோ கோழியையோ சாறோடு அரைத்து வடிகட்டலாம்.

குழாயில் சிக்குபவை: பரோட்டா, சப்பாத்தி, பிரெட் (எச்சிலில் ஊறி மாவுருண்டையாகிவிடும்), கறித்துண்டு, வடை, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, தக்காளித் தோல், திராட்சைத் தோல். ஆசைக்குக் கேட்டால் அரைத்து வடிகட்டிக் கொடுங்கள்.

ஒரு வேளைக்கு 150 முதல் 200 மி.லி., இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு ஏழெட்டு முறை. பசி வருவதற்குக் காத்திருக்க வேண்டாம், கைப்பேசியில் அலாரம் வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்காமல் இருக்கட்டும். கடைசி வேளை தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிய வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ் செங்கல் வைத்து உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் எதுக்களிக்கும்.

"சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும்" என்று இனிப்பை நிறுத்தி, அடுத்து பாலை நிறுத்தி, ஒரே மாதத்தில் ஐந்தாறு கிலோ இழந்து வருபவர்கள் உண்டு. இனிப்பை நிறுத்துவதால் கட்டி சுருங்காது, ஆள்தான் சுருங்குவார். சர்க்கரை நோய் இருந்தால் உணவை வெட்டுவதற்கு முன் மருந்தின் அளவை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

வாரம் இரு முறை, காலையில், ஒரே எடை இயந்திரத்தில் பார்த்து எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் டயட்டீஷியனிடம் சொல்ல வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென்று முழு அளவு உணவு ஏற்றுவது ஆபத்து. ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் சட்டென்று சரியும். அவருக்கு முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு குறைந்த அளவிலிருந்து ஏற்றுவது என்று மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும்.

மாத்திரை இறங்கவில்லை என்று எல்லாவற்றையும் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரையும் மாத்திரைகளையும், குடலில் கரையும்படி பூச்சுப் போட்டவற்றையும் பொடிக்கக் கூடாது. டானிக்காகவோ கரையும் மாத்திரையாகவோ கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

உணவு ஊட்டக் குழாய் போடலாம் என்றால்

பலர் இதைத் "கடைசிக் கட்டம்" என்று நினைத்து மறுக்கிறார்கள். சிகிச்சையைத் தாங்கும் உடம்பை வைத்துக்கொள்ளத்தான் அது. மூக்கு வழிக் குழாயில் ஊட்டும்போது தலை 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மூக்கருகே உள்ள குறி நகரவில்லை என்று முதலில் பாருங்கள், நகர்ந்திருந்தால் ஊட்டாதீர்கள். 200 மி.லி. உணவைப் பதினைந்து இருபது நிமிடத்தில் மெதுவாக விடுங்கள். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். பின்னால் தண்ணீர் விட மறந்தால்தான் குழாய் அடைக்கிறது.

சிறுகுடலில் போடும் குழாய் வேறு மாதிரி. அதில் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும், சிரிஞ்சால் வேகமாகத் தள்ளினால் வயிற்றுப்போக்கு வரும். அறுவை திட்டமிருந்தால் இரைப்பையில் துளையிட்டுக் குழாய் போடுவதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அந்த இரைப்பையை மேலே இழுத்துத்தான் புது உணவுக்குழாயாக அமைக்கப் போகிறார்கள்.

உடம்பைத் தயார் செய்வது

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் இன்றே நிற்கட்டும். மதுவும் நிற்க வேண்டும். ஆனால் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புவரை போகலாம். அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி மருந்தோடு நிறுத்துங்கள். மூன்று பந்து மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தால், அதில் ஊதக் கூடாது, உள்ளே உறிஞ்ச வேண்டும். தப்பாக ஊதிக்கொண்டிருப்பவர்கள் எல்லா வார்டிலும் உண்டு. விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை, கூடவே தினம் அரை மணி நடை. பல் சொத்தையைக் காட்டிவிடுங்கள். வாய் சுத்தமாக இருந்தால் அறுவைக்குப் பின் நிமோனியா வரும் வாய்ப்புக் குறைகிறது.

நாட்டு மருந்து, பற்பம், செந்தூரம் எடுத்தால் பெயரோடு சொல்லுங்கள். யாராவது திட்டினால் திட்டட்டும். கீமோ நேரத்தில் ஈரல் பரிசோதனை ஏன் ஏறியது என்று தெரியாமல் சிகிச்சை நிற்பதைவிட அது மேல்.

சொல்வதும் மறைப்பதும்

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்ற வேண்டுகோள் எல்லா ஓ.பி.யிலும் கேட்கும். தினம் கதிர்வீச்சு அறைக்குப் போகிறவர் வெளியே உள்ள பலகையைப் படிக்கத்தான் செய்வார். அறுவைக்குக் கையெழுத்தும் அவரே போட வேண்டும். "ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிஞ்சுக்கணுமாப்பா, இல்லை நாங்க பார்த்துக்கட்டுமா?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் அளவுக்குச் சொன்னால் போதும். பயாப்ஸி எடுத்ததால் நோய் பரவும், ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றும் என்று வரும் பேச்சை வாசலிலேயே நிறுத்துங்கள், இரண்டும் உண்மையில்லை. உறவினர்களுக்குத் தகவல் சொல்ல ஒரே ஆளை வையுங்கள். இரவில் தூக்கமில்லாமல் பயம் அழுத்தினால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் (டெலி மானஸ்) தமிழிலும் பேசலாம். கூட இருப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

பணம்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலக மையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கச் சில நாள் ஆகும் என்பதால் பரிசோதனைகள் நடக்கும்போதே தொடங்குங்கள். ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி பெட்டிகளில் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு முழுச் சலுகையும் உடன் செல்பவருக்கு 75 சதவீதமும் உண்டு. படிவத்தில் மருத்துவமனை கையெழுத்து வேண்டும்.

உடனே போக வேண்டிய நேரம்

உணவு சிக்கினால் மேலும் எதையும் தள்ளாமல் நிமிர்ந்து உட்காரட்டும், வெதுவெதுப்பான நீரை ஒவ்வொரு மிடறாகப் பார்க்கலாம். இரண்டு மணி நேரமாகியும் எச்சில்கூட இறங்கவில்லை என்றால் அவசரப் பிரிவுதான். ரத்த வாந்தி, தார் போன்ற கரிய மலம், காய்ச்சலோடு நெஞ்சுவலி, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் மிகக் குறைவாகப் போவது ஆகியவற்றுக்கும் அப்படியே. தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். கோப்பில் எண்டோஸ்கோப்பி அறிக்கை மேலாக இருக்கட்டும், உள்ளே நுழைந்ததும் "உணவுக்குழாயில் கட்டி இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது தெரியாமல் மூக்குக் குழாயைக் கட்டியைத் தாண்டித் தள்ளப் பார்த்தால் உணவுக்குழாயில் துளை விழலாம்.