அல்ட்ராவுக்கு ஒத்திகையாக ஒரு மாரத்தானை ஓடுவது எப்படி?

50 கிலோமீட்டரோ 100 கிலோமீட்டரோ ஓடும் அல்ட்ராவுக்கு, அதாவது மாரத்தானைவிட நீளமான ஓட்டப் போட்டிக்கு, பெயர் கொடுத்துவிட்டீர்கள், அதற்கு முன்னால் ஒரு மாரத்தான் வருகிறது, அதையும் ஓடலாமா வேண்டாமா என்று குழப்பம். தாராளமாக ஓடலாம். 42.195 கிலோமீட்டரைத் தனியாக ஓடுவதென்றால் தண்ணீரை நாமே சுமக்க வேண்டும், 30 தாண்டியதும் கால் வீட்டுப் பக்கம் திரும்பப் பார்க்கும். போட்டியில் வழியெங்கும் தண்ணீர், மருத்துவ உதவி, கூட ஓட ஆட்கள் என எல்லாமே இருக்கும். ஆனால் அன்றைக்கு நீங்கள் யாரோடும் போட்டி போடக் கூடாது, உங்கள் பழைய நேரத்தோடும் கூடாது. கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

படி 1: இதற்கு நீங்கள் தயாரா?

இதுதான் முதல் மாரத்தான் என்றால் இதை ஒத்திகையாக வைத்துக்கொள்ளாதீர்கள், அதையே இலக்காக வைத்து ஓடி முடித்துவிட்டு அல்ட்ராவை அப்புறம் பார்க்கலாம். ஏற்கெனவே ஒன்றாவது ஓடியிருக்க வேண்டும், சமீபத்தில் 28–30 கிலோமீட்டர் லாங் ரன் ஓடிவிட்டு அடுத்த நாள் சாதாரணமாகப் படியேறி இறங்க முடிந்திருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் மேலே போகலாம்.

படி 2: தேதியைப் பாருங்கள்

பெரிய போட்டிக்கு 4 முதல் 6 வாரம் முன்னால் வந்தால் நல்லது. இரண்டு வாரம் முன்னால் என்றால் விட்டுவிடுங்கள், தசை ஆறுவதற்கு நேரம் போதாது. சில போட்டிகளுக்குத் தகுதி நேரம் உண்டு. 1921-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ், சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய போட்டி, அதில் ஓடவும் முதலில் தகுதி காட்ட வேண்டும். அப்படித் தகுதி நேரம் தேவைப்பட்டால் அதற்கான மாரத்தானை முன்கூட்டியே வேறாக ஓடிவிடுங்கள். தகுதி, ஒத்திகை இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் ஒத்திகைதான் அடிபடும்.

படி 3: வேகத்தை முன்பே எழுதி வையுங்கள்

முழு முயற்சி போட்டால் எந்த வேகத்தில் ஓடுவீர்களோ, அதைவிடக் கிலோமீட்டருக்கு 45 முதல் 60 விநாடி மெதுவாக ஓடுங்கள். 4 மணி நேரத்தில் முடிக்கக்கூடிய ஒருவரின் பேஸ், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. அவர் அன்று 6 நிமிடம் 30 விநாடியில் ஓடினால் ஏறக்குறைய 4 மணி 34 நிமிடம் ஆகும். அந்த 34 நிமிடம் வீண் இல்லை, அடுத்த வாரம் மறுபடி ஓடக் கால் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் விலை அது. அல்ட்ராவில் இதைவிடவும் மெதுவாகத்தான் போவீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாட்சை நம்ப முடியாத இடங்களில் பேச்சை நம்புங்கள்: மூச்சு வாங்காமல் இரண்டு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் குறையுங்கள். முதல் 5 கிலோமீட்டர்தான் ஆபத்து. எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள், உடம்பு லேசாக இருக்கும், இந்த வேகம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கூட்டத்தின் பின்பகுதியில் நின்று தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நடையையும் பழகுங்கள். அல்ட்ராவில் மேடு வந்தால் பெரும்பாலானவர்கள் நடந்துதான் ஏறுவார்கள், அதனால் இங்கேயே 5 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஒரு நிமிடம் விறுவிறுவென நடந்துவிட்டுத் திரும்ப ஓடிப் பாருங்கள். 35-ஆவது கிலோமீட்டரில் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது தொடை எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதை ஒரு முறை அனுபவித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

படி 4: வயிற்றைப் பழக்குங்கள்

மாரத்தானில் கடைசிக் கட்டத்தில் பலர் தளர்ந்துபோவதற்கு முக்கியக் காரணம், தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைக்கோஜன் (உடம்பு சேர்த்துவைக்கும் மாவுச்சத்து) தீர்ந்துபோவது. மெதுவாக ஓடினால் கொழுப்பிலிருந்து கிடைக்கும் பங்கு கூடும், ஆனாலும் அதற்கும் மேலே பல மணி நேரம் ஓட வேண்டுமானால் ஓடிக்கொண்டே சாப்பிட்டாக வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. ஓடும்போது பிழிந்து சாப்பிடும் எனர்ஜி ஜெல் பாக்கெட் ஒன்றில் பெரும்பாலும் 20–25 கிராம் இருக்கும், ஆக மணிக்கு இரண்டு, நாலரை மணி நேரத்துக்கு ஒன்பது. ஒன்பதும் ஒரே சுவை என்றால் ஆறாவதிலேயே குமட்டும், அதனால் உப்புச்சுவையுள்ள ஏதாவது ஒன்றும் கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். பசி எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் முதல் அரை மணியிலேயே தொடங்குங்கள்.

தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் கட்டாயமாகக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கத்தைத் தயவுசெய்து தொடங்காதீர்கள். உடம்பு வற்றியிருக்கும் நேரத்தில் இபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

படி 5: அதே உடை, அதே பை

பெரிய போட்டியில் போடப்போகும் ஷூ, சாக்ஸ், தண்ணீர்ப் பை எல்லாவற்றையும் அன்றே போட்டு ஓடுங்கள். வழியில் தண்ணீர் கிடைக்கிறதே, பை எதற்கு என்று தோன்றும். தோள்பட்டை எங்கே உரசுகிறது, அக்குளில் எங்கே எரிகிறது என்பதெல்லாம் மூன்று மணி நேரத்துக்கு மேல்தான் தெரியவரும். உரசும் இடத்தில் வாசலின்.

படி 6: முந்தைய வாரம்

இலக்குப் போட்டிக்குச் செய்வதுபோல இரண்டு மூன்று வாரம் டேப்பர் (போட்டிக்கு முன் பயிற்சியைப் படிப்படியாகக் குறைப்பது) வேண்டாம். கடைசி நாலைந்து நாள் தூரத்தைக் குறைத்தால் போதும், இல்லாவிட்டால் பயிற்சியில் பெரிய ஓட்டை விழும்.

படி 7: எப்போது நிறுத்துவது

களைப்புக்காக நிற்க வேண்டாம். ஆனால் ஏதோ ஒரு வலியால் நீங்கள் கால் வைக்கும் விதமே மாறிவிட்டது, நொண்டி நொண்டி ஓடுகிறீர்கள் என்றால் அது 20-ஆவது கிலோமீட்டரோ 38-ஆவதோ, அங்கேயே நிறுத்திவிடுங்கள். மெடலுக்காக மீதி தூரத்தை இழுத்துக்கொண்டு போய் அல்ட்ராவையே இழந்தவர்கள் உண்டு. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், குழப்பம் இருந்தால் நேராக மருத்துவக் குழுவிடம் போங்கள்.

படி 8: அடுத்த பத்து நாள்

முதல் இரண்டு நாள் நடை மட்டும். மூன்றாவது அல்லது நான்காவது நாள் 5 கிலோமீட்டர் மெதுவாக ஓடிப் பாருங்கள். கால் கனமாக இருந்தாலும் எங்கும் குத்தவில்லை என்றால் அந்த வார இறுதியில் 12 கிலோமீட்டர் வரை போகலாம். ஒரு வாரம் கழித்தும் படி இறங்கும்போது தொடை வலிக்கிறது என்றால் மாரத்தானை வேகமாக ஓடிவிட்டீர்கள் என்று அர்த்தம், இன்னும் ஒரு வாரம் லேசாகவே ஓடுங்கள், விட்ட தூரத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அன்று மாலையே, மறப்பதற்குள், ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டீர்கள், வயிறு எப்போது மக்கர் செய்தது, எங்கே தோல் உரிந்தது, எந்தக் கிலோமீட்டரில் வேகம் தானாகக் கூடியது. அல்ட்ராவுக்குப் பை அடுக்கும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுக்குங்கள்.